நாலாவது மாடிக்குச் செடிகள்

பூ எந்த நிறத்தில் வேண்டும் என்று செடிப் பண்ணையிலிருந்த பெண் கேட்டபோது தில்லைநாயகத்துக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நிறத்தைப் பற்றி அவர் நினைத்திருக்கவே இல்லை. வீட்டிலிருந்து கிளம்பியது முதல் அவர் மனதில் ஓடிக்கொண்டிருந்ததெல்லாம் உயரமும் அடர்த்தியும் முள்ளும்தான். அதிலும் எது எவ்வளவு சீக்கிரம் வளரும் என்பதுதான். "எந்த நிறமா இருந்தாலும் சரிம்மா," என்றார். உள்ளேயிருந்து யாரோ "கஸ்தூரி" என்று கூப்பிட்டார்கள். அவள் "இதோ" என்று குரல் மட்டும் கொடுத்துவிட்டு நகராமல் நின்றாள். "அப்படிச் சொன்னா எப்படி சார், வீட்டுக்குப் போனதும் அம்மா திட்டுவாங்க. போன வாரம் ஒருத்தர் இப்படித்தான் எதுன்னாலும் சரின்னு எடுத்துட்டுப் போயி மறுநாளே திருப்பிக் கொண்டாந்துட்டாரு. செடி என்ன புடவையா சார், மாத்திக் குடுக்க?" என்று சொல்லிச் சிரித்தாள். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே திரும்பிக் காரைப் பார்த்தார். சாலையோரப் புங்கமரத்தின் அடியில் கார் நின்றிருந்தது. இடதுபக்கக் கதவு திறந்திருந்தது. அதன் கீழே மகன் நாதனின் ஒரு கால் மண்ணில் ஊன்றியிருந்தது. செருப்பின் வார் அவிழ்ந்து தொங்கியது. கால் இருந்தது. கால் இருக்கிறவரை சிரிக்கலாம். நிறம் கூடச் சொல்லலாம். "சிவப்பு," என்றார், மரகதத்துக்குச் சிவப்புப் பிடிக்குமா என்று நினைவில்லாமலே. கல்யாணமாகி முப்பது வருஷம் ஆகப்போகிறது. அவளுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டால் காப்பியில் சர்க்கரை எவ்வளவு என்பதைத் தவிர வேறொன்றும் உறுதியாகச் சொல்ல முடியாது. மகனுக்கு என்ன பிடிக்கும் என்று மருத்துவர் கேட்டபோதும் இப்படித்தான் நின்றார். கிரிக்கெட் என்று சொன்னார். அது அவன் ஏழாம் வகுப்பில் இருந்தபோது.

புரட்டாசி முடியப்போகிறது, இப்போது வைத்தால் ஐப்பசி மழைக்கு வேர் பிடித்துக்கொள்ளும் என்று மரகதத்திடம் சொல்லியிருந்தார். நாதனிடமும் அதையே சொன்னார். பால்கனி மொட்டையாக இருக்கிறது, வா, நாலு செடி வாங்கிவருவோம் என்றார். "திடீர்னு என்னப்பா தோட்டம்?" என்று நாதன் கேட்டான். கேட்டுவிட்டு அவர் பதில் சொல்வதற்குள் சட்டையை மாட்டிக்கொண்டான். அவனுக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்திருந்தால் ஏன் வந்தான்? தெரிந்திருப்பதால்தான் வந்தானோ? குடிவந்து ஒன்பது வருஷமாக அந்தப் பால்கனியில் ஒரு துளசித் தொட்டியைத் தவிர எதுவும் இருந்ததில்லை. துணி காயும், தவறினால் கீழே போகும், வாட்ச்மேன் எடுத்து வந்து கொடுப்பார். துணி கீழே போகும் என்று நினைத்ததும் அவர் மறுபடி காரைப் பார்த்தார். கால் இருந்தது. "பால்கனி எவ்வளவு நீளம் சார்?" என்று கஸ்தூரி கேட்டாள். அவர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். விரித்த கைகள் விரித்தபடியே கொஞ்சநேரம் இருந்தன. நீளம் அவருக்கு நன்றாகத் தெரியும். கைப்பிடிச் சுவர் இடுப்புக்கு மேல் எத்தனை விரற்கடை வரும் என்பது கூடத் தெரியும். ஆடி மாதத்துக்குப் பிறகு அவர் அந்தச் சுவரை அளக்காத நாள் இல்லை. கையால் அளந்திருக்கிறார். இடுப்பால் அளந்திருக்கிறார். வீட்டில் யாரும் இல்லாத ஒரு மதியம் ஒரு காலைத் தூக்கி அதன் மேல் வைத்தும் பார்த்திருக்கிறார். அறுபது வயதில் மூட்டு வலியோடு தன்னாலேயே இது முடிகிறதே என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ஆடிக் காற்றுக்கு எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டிருந்த சாயங்காலம் அது. காய்ந்த துணியை எடுக்கப் போனவர் நாதனைப் பார்த்தார். சுவரின் மேல் உட்கார்ந்திருந்தான். கால்கள் வெளிப்பக்கம் இருந்தன, முதுகு வீட்டைப் பார்த்து இருந்தது. சட்டைக்குள் காற்றுப் புகுந்து முதுகு உப்பியிருந்தது. அவர் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் திரும்புவான், திரும்பினால் பிடி தவறிவிடும் என்று நினைத்தாரா, இல்லை வாய் வரவில்லையா என்று இன்றைக்கும் அவருக்கு நிச்சயமில்லை. கையில் மரகதத்தின் சேலை இருந்தது. அதை மடித்தார். ஓரத்தோடு ஓரம் சேர்த்து, சுருக்கம் நீவி, மடித்து முடிக்கிறவரை ஒன்றும் ஆகாது என்பதுபோல் மடித்தார். நாதன் தானாகவே காலை இந்தப் பக்கம் எடுத்துப்போட்டு இறங்கினான். "காத்து வாங்கினேன்ப்பா," என்றான். "நல்ல காத்து," என்று அவர் சொன்னார். நல்ல காத்து. பெற்றவன் அந்த நேரத்தில் சொன்ன வார்த்தை அதுதான். அதன்பிறகு எத்தனையோ பேசியாகிவிட்டது, அழுதாகிவிட்டது, மரகதம் அவன் காலைப் பிடித்துக்கொண்டாள். மருத்துவர், மாத்திரை வேலை செய்ய நாளாகும், அதுவரை கண்ணுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். ஆனால் முதல் வார்த்தை அதுதான். அவன் வேலை பார்த்த புனேயில் என்னடா நடந்தது என்று எல்லா விதமாகவும் கேட்டுப் பார்த்தாகிவிட்டது. ஒன்றும் நடக்கவில்லை என்றான். வேலை நன்றாகத்தான் போனதாம். பெண் விவகாரம் எதுவும் இல்லையாம். ஒருநாள் காலையில் எழுந்தானாம், பல் தேய்க்கத் தோன்றவில்லையாம். அவ்வளவுதான். ஏதாவது நடந்திருந்தால் அதைப் போய்ச் சரிசெய்யலாம், யார் காலிலாவது விழலாம். ஒன்றும் நடக்காததை எங்கே போய்ச் சரிசெய்வது?

"நாலாவது மாடியா சார்? அப்ப வெயில் நல்லா வரும். இது எடுத்துக்குங்க, ரங்கூன் மல்லி. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள படர்ந்துரும்." கஸ்தூரி காட்டிய கொடி ஒரு மூங்கில் குச்சியைப் பிணைத்துக்கொண்டு மேலே போய், குச்சி முடிந்த பிறகும் வெறும் காற்றில் எதையோ தேடி நீண்டிருந்தது. சீக்கிரம் என்பது சரி. ஆனால் முள் இல்லை. தண்டைத் தொட்டுப் பார்த்தார். முறுக்கிய கயிறு போல இருந்தது. கயிறு என்று நினைத்ததும் கையை எடுத்தார். வீட்டில் துணிக்கொடியைக் கூட அவிழ்த்துவிட்டு மடக்கு ஸ்டாண்டு வாங்கி வைத்தாகிவிட்டது. இதை எப்படிக் கொண்டுபோவது? "வேற?" என்றார். "அரளி பாருங்க சார். அடுக்கு அரளி, ரோஸ் கலர். ரோட்டுக்கு நடுவுலயே தாங்குது, உங்க மாடியில தாங்காதா? கவனிக்கவே வேணாம்." அரளி. அவருடைய ஊரில் அந்தப் பெயரைப் பூவின் பெயராக மட்டும் யாரும் சொல்வதில்லை. ஒரு வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டால் ஜனங்கள் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொள்ளும் பெயர்களில் அதுவும் ஒன்று. "வேண்டாம், வேண்டாம்," என்று அவர் சொன்ன வேகத்தில் கஸ்தூரி ஓரடி பின்வாங்கினாள். "என்ன சார், பாம்பைக் காட்டுன மாதிரி." பால் வடியும் செடி வீட்டுக்கு ஆகாது என்று சம்சாரம் சொல்வாள் என்றார். உலகத்தில் இருக்கிற செடி கொடியெல்லாம் அவருக்கு இப்போது இப்படித்தான் தெரிகிறது. எதைப் பார்த்தாலும் அதில் ஒளிந்துகொண்டிருக்கிற ஒன்றைத்தான் முதலில் பார்க்கிறார். சமையலறைக்குள் நுழைந்தால் அலமாரியை, மருந்துக் கடைக்குப் போனால் தட்டுகளை, ரயில்வே கேட்டில் நின்றால் தண்டவாளத்தை. நாதன் பார்க்கிறானோ இல்லையோ, அவர் பார்த்துவிடுகிறார். அவனுடைய நோய் அவனை விட்டுவிட்டுத் தன் கண்ணில் வந்து உட்கார்ந்துகொண்டதோ என்று சில சமயம் தோன்றும். அப்படி உட்கார்ந்திருந்தால் நல்லது. அப்படி ஒரு வழி இருந்தால் எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளலாம்.

பால்கனிக்குக் கம்பி போட்டிருந்தால் இந்த அலைச்சல் இல்லை. குடியிருப்புச் சங்கச் செயலாளர் ஜெயச்சந்திரனிடம் போய் நின்றார். "எலிவேஷன், கட்டிடத்தோட வெளித்தோற்றம், மாறக்கூடாதுன்னு விதியிலேயே இருக்கே சார். சின்னக் குழந்தை இருக்கிற வீடுன்னா கமிட்டி விட்டுக்கொடுக்கும். உங்க வீட்டுல சின்னக் குழந்தை யாரு இருக்கா?" என்று ஜெயச்சந்திரன் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. தன் கையாலேயே தேநீர் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். "பேரன் பொறக்கட்டும், நானே நின்னு போட்டுத் தரேன். நாதனுக்கு எப்ப முடிக்கப் போறீங்க?" என்றும் கேட்டார். முடிக்கப் போறீங்க. தேநீர் நாக்கைச் சுட்டது. சொல்லியிருக்கலாம். இருபத்தாறு வயதில் ஒரு குழந்தை இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் மறுநாளே கம்பி வந்திருக்கும். ஆனால் லிஃப்டில் ஏறுகிறவர்கள் எல்லோரும் நாதனை ஒரு மாதிரி பார்ப்பார்கள். அவன் அதைப் பார்ப்பான். மரகதம் ஏற்கெனவே சாமி படத்தில் கை வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தாள், வெளியே மூச்சு விடக்கூடாது என்று. புறாவுக்கு வலை கட்டிக்கொள்ளலாம், அதற்குத் தடையில்லை என்று ஜெயச்சந்திரனே யோசனை சொன்னார். கடையில் அந்த நைலான் வலையைத் தில்லைநாயகம் இழுத்துப் பார்த்தார். நகத்தாலேயே கண்ணி நெகிழ்ந்தது. புறாவுக்குத்தான் அது. பிறகு பால்கனிக் கதவுக்குப் பூட்டு வந்தது. சாவி மரகதத்தின் இடுப்பில். ஒரு வாரம் பொறுத்துக்கொண்டு நாதன் சொன்னான், "பூட்டினா அந்தக் கதவைத் தவிர வேற எதுவும் நினைப்புல இல்லப்பா." சாதாரணமாகத்தான் சொன்னான், குழம்பில் உப்பு இல்லை என்று சொல்கிற மாதிரி. அவர் பூட்டைக் கழற்றினார். மரகதம் அவரோடு பேசவில்லை. தட்டைத் தரையில் வைத்துத் தள்ளிவிட்டாள். அன்றிலிருந்து அந்தக் கதவுக்குக் குறுக்கே பாய் போட்டுப் படுக்கிறார். பூட்டினதும் தப்பு, கழற்றினதும் தப்பு. படுத்துக்கொண்டு யோசித்ததில் வந்ததுதான் செடி. கம்பி என்றால் சிறை. செடி என்றால் யாரும் எதுவும் சொல்ல முடியாது. சுவரின் மேல் அடர்ந்து, முள்ளோடு, ஆளுயரத்துக்கு வந்துவிட்டால் ஜெயச்சந்திரன் கூட நின்று பார்த்து நன்றாயிருக்கிறது என்பார். இந்த யோசனை தோன்றியபோது அவருக்கு வந்த சந்தோஷம், வேலையில் சேரச்சொல்லிக் கடிதம் வந்த அன்றைக்குக் கூட வந்ததில்லை.

"களா இருக்காம்மா?" என்று கேட்டார். கஸ்தூரி முகம் மலர்ந்தது. "களாக்காயா? அதை யாரு சார் இப்ப கேக்கறாங்க? இருக்கு, அந்தப் பக்கம். முள்ளு குத்தும், பாத்து." களாவிலும் பால் உண்டு என்பது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். இலைகளுக்கு இடையில் இரண்டிரண்டாகப் பிரிந்து நீட்டிக்கொண்டிருந்த முட்களை அவர் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். சுருக்கென்றது. நல்ல முள். இதையும், இரண்டு பக்கத்திலும் காகிதப்பூவையும், நடுவில் ஒரு எலுமிச்சையையும் வைத்துவிட்டால் மரகதம் முள்செடி என்று முனகமாட்டாள், எலுமிச்சை லட்சுமிகரம் என்பாள். தொட்டி பெரிதாக வேண்டும். வேர் ஓட இடம் வேண்டும். கஸ்தூரி சிமெண்டுத் தொட்டியைக் காலால் தட்டிக் காட்டினாள். "இது நின்னுச்சுன்னா நின்னதுதான். ஆள் ஏறி நின்னாக்கூட அசையாது." அவர் அந்தத் தொட்டியைப் பார்த்தார். முழங்கால் உயரம். கைப்பிடிச் சுவரை ஒட்டி வைத்தால், சுவர் அந்த அளவுக்குத் தாழ்ந்துவிடும். தொட்டியின் விளிம்பில் ஒரு கால், சுவரில் ஒரு கால். இத்தனை நாள் படுத்துப் படுத்து யோசித்தும் இது தோன்றவே இல்லை. அவர் வாங்க வந்தது படி. ஆள் ஏறி நின்றாலும் அசையாத படி. சுவரை விட்டுத் தள்ளி வைத்தால் நடுவில் ஆள் புகுகிற இடைவெளி. சின்னத் தொட்டியில் வைத்தால் செடி வளராது. சுவரின் மேலேயே வரிசையாக வைத்தால் ஆடியில் காற்றுக்குக் கீழே போகும், கீழே பிள்ளைகள் விளையாடுகிற இடம். ஆனால் செடி வளர்ந்துவிட்டால் தொட்டியில் கால் வைக்க இடமிருக்காது, முள் மூடிவிடும். வளர்ந்துவிட்டால். "எவ்வளவு நாள்ல மூடும்மா?" "எதை சார்?" "சுவரை." "நல்லா கிளை வெட்டிக் கவாத்து பண்ணி எரு வச்சீங்கன்னா அடுத்த மழைக்குப் பாதி, அதுக்கடுத்த மழைக்கு வெளியே இருக்கிறவன் கண்ணுக்கு உங்க வீடே தெரியாது." அடுத்த மழைக்குப் பாதி. நடுவில் ஒரு கார்த்திகை, ஒரு மார்கழி, ஒரு கோடை முழுக்க, இன்னொரு ஆடி. அவர் காரைப் பார்த்தார். கால் இல்லை.

கதவு திறந்திருந்தது. உள்ளே யாரும் இல்லை. சாலையில் ஒரு லாரி போயிற்று. அதன் பின்னால் இன்னொன்று. புழுதி அடங்கட்டும் என்று நின்றார். நிற்கிறோமே என்று ஓடினார். ரோஜாப் பதியன்களுக்கு நடுவில் வேட்டி மாட்டி ஒரு தொட்டி உருண்டது. "சார், சார்" என்று கஸ்தூரி பின்னால் வந்தாள். கூப்பிட வாய் வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை. அன்றைக்காவது கையில் மடிக்க ஒரு சேலை இருந்தது. கீற்றுக் கொட்டகையின் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது என்று வரும்போதே பார்த்து வைத்திருந்தார். எந்த இடத்துக்குப் போனாலும் அதையெல்லாம் பார்த்து வைத்துக்கொள்கிறார். அங்கேதான் இருந்தான். தொட்டி விளிம்பில் முழங்கையை ஊன்றிக் குனிந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். கொசுவுக்காக விட்டிருந்த சின்ன மீன்கள் அவன் விரல்நுனியைக் கொத்திக்கொண்டிருந்தன. அவர் மூச்சு வாங்குவதைக் கேட்டு நிமிர்ந்தான். "ஏம்ப்பா ஓடி வர்றீங்க? சுகரை வச்சுக்கிட்டு." "மீன் பாக்கலாம்னு வந்தேன்," என்றார். நாதன் அவரையே கொஞ்சநேரம் பார்த்தான். "இன்னைக்கு உங்க டியூட்டியா? அம்மாவுக்கு லீவா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டான். அந்தச் சிரிப்பு முகத்தில் எங்கும் ஒட்டாமல் உதட்டோடு நின்றது. "டியூட்டியெல்லாம் ஒண்ணுமில்லடே." "சும்மா கேட்டேன்ப்பா. நீங்க ரெண்டு பேரும் நல்லாத்தான் பாக்கறீங்க. ஆபீஸ்ல கூட இப்படி யாரும் ஷிஃப்ட் மாத்திவிட மாட்டாங்க." சொல்லிவிட்டுத் தண்ணீரிலிருந்து கையை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டான். ஏதாவது சொல்ல வேண்டும், இந்த இடத்தில்தான் சொல்ல வேண்டும், கிடைத்த வார்த்தையைச் சொல்லிவிட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. "உனக்கு எந்தச் செடி பிடிக்குது, சொல்லு," என்றார். "எதுன்னாலும் சரிப்பா," என்றான் நாதன்.

கஸ்தூரி அவர் தேர்ந்ததையெல்லாம் ஒரு வரிசையாக எடுத்து வைத்திருந்தாள். சிமெண்டுத் தொட்டியை நாளைக்கு வண்டியில் ஏற்றி அனுப்புவதாகச் சொன்னாள். வேண்டாம் என்று சொல்ல நினைத்தவர் சரி என்று தலையாட்டினார். நாதன் அந்த வரிசையின் முன்னால் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தான். களா, காகிதப்பூ, எலுமிச்சை, மறுபடி களா. "நல்லா முள்ளு," என்று மட்டும் சொன்னான். யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை. தில்லைநாயகம் ஒரு நந்தியாவட்டைச் செடியின் பக்கம் திரும்பிக்கொண்டார். "எலுமிச்சையை முன் சீட்டுல நிமித்தி வச்சுருங்க சார், சாஞ்சா மொட்டு உதிர்ந்துரும்," என்றாள் கஸ்தூரி. மற்றவற்றை நாதன் தூக்கினான். இரண்டு களாவையும் ஒரே தடவையில் மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தான். அவர் எலுமிச்சையோடு பின்னால் போனார். காருக்குப் பக்கத்தில் போனபோதுதான் பார்த்தார். அவனுடைய முன்னங்கையில் கோடு கோடாக ரத்தம் வந்து, மணிக்கட்டில் சேர்ந்து, கறுப்புப் பிளாஸ்டிக் பையின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு முள் மேல்கையில் ஏறி அப்படியே நின்றது. அவன் முகம் சுளிக்கவில்லை. அவசரமாகக் கீழே வைக்கவும் இல்லை. கதவைக் காலால் தள்ளி, குனிந்து, பூவைப் படுக்கவைப்பதுபோல் நிதானமாகப் பின் இருக்கைக்கு முன்னால் தரையில் வைத்தான். "ஐயோ தம்பி, கையைப் பாருங்க!" என்று கஸ்தூரி கத்தினாள். அவன் பார்த்தான். யாருடைய கையையோ பார்ப்பதுபோல், இது எப்போது இங்கே வந்தது என்பதுபோல், புரட்டிப் பார்த்தான். "ஒண்ணும் இல்லக்கா," என்று சொல்லிவிட்டு அந்த முள்ளைப் பிடுங்கிப் போட்டான். வலிக்கவில்லையா என்று தில்லைநாயகம் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை. கட்டைவிரலில் முன்பு அவர் குத்திக்கொண்ட இடம் இன்னும் விண்ணென்று இருந்தது. முள் யாரைத் தடுக்கும் என்று அவர் யோசித்திருக்கவே இல்லை. வலிக்கிறவனைத் தடுக்கும். மரகதத்தைத் தடுக்கும். அவரைத் தடுக்கும். "காயத்துல மஞ்சள் வைக்கட்டுமா சார்?" என்று கஸ்தூரி கேட்டாள். அவர் அவளிடம், "இன்னும் ரெண்டு களா குடும்மா," என்றார். அவள் அவனையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எடுத்துவரப் போனாள்.

காகிதப்பூவின் கொடிகள் இருக்கைகளுக்கு நடுவில் நீட்டிக்கொண்டிருந்ததால் நாதன் பின்னால் உட்கார்ந்து பிடித்துக்கொள்வதாகச் சொன்னான். கைக்குட்டையைக் கையில் சுற்றிவிட்டார். மறுக்காமல் நீட்டினான், சின்ன வயதில் சட்டைப் பொத்தான் போட நிற்பதுபோல. வண்டியை எடுத்தார். மேற்கே மேகம் கறுத்திருந்தது. ஜன்னல் கண்ணாடியை ஏற்றச் சொல்ல வேண்டும் என்று நினைத்து மேலே இருந்த சின்னக் கண்ணாடியில் பார்த்தார். இலைதான் தெரிந்தது. கழுத்தைச் சாய்த்துப் பார்த்தார். இலையும் ஒரு சிவப்புப் பூங்கொத்தும். கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தார். எப்படித் திருப்பினாலும் பச்சையாக அடர்ந்து அவன் உட்கார்ந்திருக்கிற இடத்தை மறைத்துக்கொண்டு அவையே தெரிந்தன. வளர இரண்டு மழைக்காலம் வேண்டும் என்றாளே. பின்னால் ஒலிப்பான் அடித்தார்கள். வண்டியை ஓரமாக்கினார். "நாதா," என்றார். காற்றில் இலைகள் உராய்கிற சத்தம் மட்டும் இருந்தது. பின் கதவு திறக்கிற சத்தம் எப்படி இருக்கும் என்று யோசித்தார். ஓடுகிற காரில் அது கேட்குமா, கேட்ட பிறகு நேரம் இருக்குமா. "நாதா." "இருக்கேன்ப்பா," என்று குரல் மட்டும் வந்தது. எரிச்சல் இல்லாத குரல். எரிச்சல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். உடனே மறுபடி கூப்பிட்டால் தப்பாக இருக்கும். கொஞ்சம் போகட்டும். முன்னால் போகிற பேருந்து திரும்பட்டும், அந்தப் பெட்ரோல் பங்க் வரட்டும். முதல் தூறல் முன்கண்ணாடியில் விழுந்தது. எவ்வளவு தூரம் விடலாம் என்று தெரியாமல், அவன் பெயரை உதட்டிலேயே வைத்துக்கொண்டு அவர் ஓட்டினார்.